மொட்டை மரம் செத்த மரம் அல்ல

சென்னைக்கு மூன்றே பருவங்கள். வெயில், கடும் வெயில், மிகக் கடும் வெயில் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இந்தக் கணக்கை மரங்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவற்றுக்குத் தனிப் பஞ்சாங்கம் இருக்கிறது. வாசற்படியில் நின்றபடியே அதைப் படித்துவிடலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தை பிறந்ததும் வாகை மரத்தைப் பாருங்கள். இலையெல்லாம் கொட்டிவிட்டு, காய்ந்த நெற்றுகள் மட்டும் காற்றில் சலசலக்கும். நாட்டு வாதுமையின் அகன்ற இலைகள் உதிருமுன் செக்கச் செவேலென்று சிவந்துவிடும். மாசியில் வேம்பு பழுத்த இலைகளை உதிர்க்கத் தொடங்கும். பிறகு செந்தளிர் விடும். வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் பூவும் தந்துவிடும். புங்கமரமோ இலை கொட்டிய சில நாட்களிலேயே பளபளக்கும் தளிரால் தன்னைப் போர்த்திக்கொள்ளும். சித்திரை வெயிலில் நாம் வாடும்போது, கொன்றை சரம் சரமாகப் பொன்னைத் தொங்கவிடும்.

இதற்கெல்லாம் காரணம் உண்டு. மழை ஓய்ந்தபின் மண்ணில் ஈரம் குறைகிறது. இலைகளின் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. பழைய இலைகளைக் கழித்துவிட்டால் அந்தச் செலவு குறையும். பிறகு, ஆழத்தில் இருக்கும் ஈரத்தை வேர் உறிஞ்சித் தர, கோடை உச்சத்துக்கு ஏறுமுன் புது இலை வந்துவிடுகிறது. நமக்கு நிழல் மிகவும் வேண்டிய வேளையில் குடையும் தயார்!

இதை அறியாததால் வரும் விபரீதம் சிறிதல்ல. மாசியில் மொட்டையாக நிற்கும் மரத்தைப் பார்த்து, "பட்டுப் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வாசலில் குப்பை சேருகிறது என்ற புகார் வேறு. கோடரி வந்துவிடுகிறது. பல வருஷ நிழல் ஒரே நாளில் போய்விடுகிறது. சிறு கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்த ஒரு நிமிஷப் பொறுமைகூட நமக்கு இருக்க வேண்டாமா?

மரத்தைக் கவனிப்பது வெறும் பொழுதுபோக்கு என்றும் எண்ணிவிடக் கூடாது. ஜப்பானில் கியோட்டோ நகரின் செர்ரி மரங்கள் பூத்த நாட்களை 9-ஆம் நூற்றாண்டு முதல் நாட்குறிப்புகளில் எழுதி வந்திருக்கிறார்கள். 2021-ல் அவை மார்ச் 26-ஆம் தேதியே முழுவதும் பூத்துவிட்டன. அதற்கு முந்திய 1,200 வருஷக் குறிப்புகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை. பூமி சூடேறி வருவதற்கு இந்தக் குறிப்புகள் சாட்சி. நம் நாட்டிலும் 2010-ல் 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் வாரம் ஒரு முறை தங்கள் மரத்தைப் பார்த்துத் தளிர், பூ, காய் விவரங்களை அதற்கு அனுப்புகிறார்கள்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் இதற்குப் போதும். தெருவில் உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் இலை உதிர்ந்ததா, தளிர் வந்ததா, பூ விட்டதா என்று தேதிக்கு நேராக ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பாருங்கள். யாராவது கோடரியோடு வந்து நின்றால், "பங்குனி முடியும் வரை பொறுங்கள்" என்று சொல்ல உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.