ராணியின் காலணிப் பணம்

முத்துக்குளித்துறையில் உயிரைப் பணயம் வைத்துப் பிழைத்த பரதவ மக்கள், ஒரு காலத்தில் போர்த்துக்கீசிய ராணியாருக்கு ஆண்டுதோறும் 4,000 பொற்பணம் கட்டி வந்தார்கள். ராணியாரின் காலணிச் செலவு என்று அந்த வரிக்குப் பெயர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்கியவன் இங்கே. காலணி அணிந்தவர் லிஸ்பனிலே!

1542-ஆம் ஆண்டில் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அந்தப் பணத்தை இங்குள்ள சிறுவர்களுக்குப் போதிக்கும் ஆசிரியர்களின் சம்பளத்துக்குத் திருப்பிவிட்டார். இந்தக் குழந்தைகளைக் காட்டிலும் மோட்சத்துக்கு நடந்துபோக நல்ல காலணி வேறு இல்லை என்ற கருத்துப்பட அவர் ராணி கத்தரீனாளுக்கு எழுதினார் என்பர் சரித்திரக்காரர்கள். ராணியாரும் இசைந்தார். வரியையே தள்ளுபடி செய்யச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாரும் உண்டு, நியாயமான கேள்விதான். ஆயினும், மக்களின் உழைப்பில் வந்த காசு மக்களிடமே திரும்பியது அன்றோ! சம்பளம் பெற்ற அந்த உபதேசிகளுக்கு இக்கரையில் வழங்கிய பெயர் இன்னும் சுவையானது: கணக்கப்பிள்ளை. மண்டிக்கடையில் பேரேடு எழுதுபவனுக்கும் கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுப்பவனுக்கும் ஒரே பெயர்!

தொழில் நடத்தும் கிறிஸ்தவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. பனிமய மாதா திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பது நல்ல காரியம். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பதும் நல்லதே. ஆனால், பக்தி பேரேட்டுக்குள் நுழையாமல் கோயில் வாசலோடு நின்றுவிட்டால் அதனால் கூலிக்காரனுக்கு என்ன பயன்? சவேரியார் பேரேட்டுக்குள்ளேயே கை வைத்தார். சொந்த வியாபார லாபத்துக்காகக் கடற்கரை மக்களைத் தவிக்கவிட்ட போர்த்துக்கீசியத் தளபதியை, தம் இனத்தான் தம் மதத்தான் என்று பாராமல், 1544-ஆம் ஆண்டுக் கடிதங்களில் அவர் கடுமையாகக் கண்டித்தார்.

பேரேட்டுக்குள் பக்தி நுழையாத கதையும் இதே தூத்துக்குடியில் உண்டு. ஓய்வு நாளைப் பற்றிய வேதக் கட்டளை எஜமானனுக்கு மட்டும் உரியதன்று; வேலைக்காரனும் வேலைக்காரியும் அன்று இளைப்பாற வேண்டும் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. ஞாயிறு தவறாமல் கோயில் மணி ஒலிக்கும் நாட்டிலிருந்து வந்த ஹார்வி கம்பெனியாரின் கோரல் மில்லில், கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒன்பது நாட்களுக்குப் பிறகே நிர்வாகம் இறங்கிவந்து, ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டது. முன்னின்று அதைப் பெற்றுத் தந்தவர் யார்? வ. உ. சிதம்பரம் பிள்ளை, பிற்காலத்தில் சிவஞானபோதத்துக்கு உரை எழுதிய சைவர்! வேதப் புத்தகம் எஜமானர் கையில் இருந்தது. அதன்படி நடக்கச் செய்தவர் வேறொருவர்.

முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஏறக்குறைய முடிந்துபோயிற்று. இப்போது தூத்துக்குடியின் வெள்ளைச் செல்வம் உப்பு. வெயிலில் கண் கூச, உப்புநீரில் கால் வெடிக்க, ஆணும் பெண்ணும் பாத்தியில் நின்று வாருகிறார்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்கென்று குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்க 2022-ஆம் ஆண்டில் அரசு முன்வந்தது. வரவேற்க வேண்டியதுதான், ஆனால், மூன்று மாதப் பசிக்கு அது எத்தனை நாள் காணும்?

மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வருகிறார். பொழுது சாயும் வேளையில் சந்தைவெளியில் சும்மா நின்றவர்களைப் பார்த்து, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் கூலிக்கு அழைக்கவில்லை என்கிறார்கள் அவர்கள். ஒரு மணி நேரமே உழைத்த அவர்களுக்கும் முழுநாள் கூலியை எண்ணிக் கொடுக்கிறார் அந்த முதலாளி. அவர் நஷ்டப்பட்டதாகச் சுவிசேஷம் எங்கும் சொல்லவில்லை. வெயில் மாதங்களில் குவிந்த லாபத்திலிருந்து டன்னுக்கு இவ்வளவு என்று தனியே எடுத்துவைத்து, மழை மாதங்களில் தொழிலாளிக்குப் பாதிக் கூலியாவது கொடுக்க உப்பளக்காரர்களும் ஏற்றுமதி வியாபாரிகளும் கூடி முடிவு செய்யலாம். அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்துக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டால் போதும்.