எரியாத விளக்கையும் பாருங்கள்

சீட் பெல்ட் போடாமலே போட்டதாகக் காரை நம்பவைக்கும் உலோகக் கிளிப் ஒன்று சொற்ப விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஐந்து இணைய விற்பனை நிறுவனங்கள் அதை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. கிளிப் வாங்கியவர்கள் எல்லோரும் பெல்ட் போடச் சோம்பல்பட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. முறையாக பெல்ட் போட்ட பிறகும் 'டிங் டிங்' ஓயாததால் வேறு வழி தெரியாமல் வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் காரில் இருப்பது சரிசெய்யக்கூடிய பழுது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குப் பதில் சத்தத்தை மட்டும் அடக்குவது ஆபத்து.

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் கார்களில் ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் பெல்ட் நினைவூட்டி கட்டாயம். பக்கத்து இருக்கையின் மெத்தைக்குள் எடையை உணரும் சென்சார் இருக்கும். கனமான பையை வைத்தாலே ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கத்தும். பையைக் கீழே வைத்தால் தீர்ந்தது. காலி இருக்கைக்கும் கத்தினால் சென்சாரையோ அதன் வயரையோ சந்தேகிக்கலாம். ஓட்டுநர் பக்கம் என்றால் முதலில் பெல்ட்டைச் செருகும் பக்கிளைப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சிந்திய ஜூஸும் பிஸ்கட் தூளும் அதைச் சிக்க வைத்துவிடும்.

அடுத்தது இருக்கைக்கு அடியில். பக்கிளிலிருந்து வரும் வயர் கீழே ஒரு கப்ளரில் முடிகிறது. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும்போதெல்லாம் அந்த வயரும் இழுபடும். இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி டார்ச் அடித்துப் பார்த்தால் உரிந்த இடம் தெரியலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற சென்னைக் கார்களைப் போலத் தண்ணீர் புகுந்த வண்டி என்றால், கப்ளரின் பின்களில் பச்சைப் பாசி போலக் களிம்பு ஏறியிருக்கும். தரைவிரிப்பு காய்ந்து பல மாதம் கழித்துக்கூட இந்தக் கோளாறு தலைகாட்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கப்ளர் மஞ்சள் நிறமென்றால் அது ஏர்பேக் வழித்தடம். அதில் மல்டிமீட்டரை வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, விவரம் தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டிய இடம் அது.

எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். ஆயில் லைட்டை எடுத்துக்கொள்வோம். பல கார்களில் அதன் வயர் இன்ஜினில் திருகியிருக்கும் ஒரு சுவிட்சுக்குப் போகிறது. ஆயில் அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் அந்த வயரை இன்ஜினோடு சேர்த்து எர்த் ஆக்கும், விளக்கு எரியும். இன்ஜின் ஓடி அழுத்தம் ஏறியதும் சுவிட்ச் விலகும், விளக்கு அணையும். இந்த வயரை எலி கடித்து அறுத்துவிட்டால் என்ன ஆகும்? விளக்கு எரியவே எரியாது. ஆயில் மொத்தமும் ஒழுகிப் போனாலும் டேஷ்போர்டு அமைதியாகவே இருக்கும். அதே வயர் உரிந்து பாடியில் பட்டால், ஆயில் நிறைய இருந்தும் சிவப்பு விளக்கு அணையாது. முதல் பழுதை யாரும் புகாராகச் சொல்வதில்லை. இரண்டிலும் அதுதான் கொடியது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி இன்ஜினைக் கிளப்பும் முன் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிகின்றனவா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஓடும்போது ஆயில் லைட் எரிந்தாலோ, வயர் கோளாறாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொள்ளாமல் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அழுத்தத்தை மெக்கானிக் தனி கேஜ் வைத்து அளந்த பிறகு வயரைச் சந்தேகிக்கலாம்.

பிரேக் விளக்குக்குப் பெரும்பாலும் இரண்டு எஜமானர்கள்: ஹேண்ட்பிரேக் சுவிட்ச், பிரேக் ஆயில் மட்டத்தைப் பார்க்கும் சுவிட்ச். வளைவில் திரும்பும்போது மட்டும் மின்னி மறைந்தால் ஆயில் குறைந்து அலம்புகிறது என்று பொருள். பிரேக் பேட் தேயத் தேய மட்டம் இறங்கும். பேடைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

சம்பந்தமில்லாத விளக்குகள் கும்பலாக எரிந்தால் ஒவ்வொன்றையும் துரத்த வேண்டாம். பேட்டரியிலும் எர்த்திலும் தொடங்குங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை. பிறகு ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரின் போல்ட்டில் துரு இருக்கலாம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பல 'பெரிய' பழுதுகள் மறைந்துவிடும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. சிவப்பு 10 ஆம்பியர் இருந்த இடத்தில் மஞ்சள் 20-ஐச் செருகினால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு (கோடு) பழுதான வழித்தடத்தைச் சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. ஏர்பேக் தன் வயர்களின் மின்தடையை விடாமல் கண்காணிக்கும் அமைப்பு. அதனால் இங்கே வயர் அறுந்தால் விளக்கு எரியும். ஓட்டுநர் ஏர்பேக் கோடோடு ஹாரனும் அடிக்கவில்லை என்றால், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். இரண்டின் வயரும் அதன் வழியாகவே போகின்றன. ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை, விபத்தில் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது.

பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். சாவியை ஆனில் வைத்து, இன்ஜினைக் கிளப்பாமல் காத்திருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். இன்ஜின் கிளம்பும்போது ஆயில் லைட்டோடு சேர்ந்து அணைந்தால், இரண்டு வயரையும் யாரோ ஒன்றாக முறுக்கியிருக்கலாம். அப்போது விலை பேசுவதை நிறுத்திவிட்டு, ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துவந்து காட்டுங்கள்.