ஏழு சேவலும் ஆறு பெட்டையும்

கொல்லையில் நாலு கோழி வளர்த்தால் வீட்டுச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று இப்பகுதியில் முன்னொரு சமயம் நான் எழுதியது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அதை நம்பிக் கோழி வாங்கிய அன்பர்களிடம் நான் இப்பொழுது மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன். முட்டையைப் பற்றிச் சொன்னேன்; குஞ்சைப் பற்றிச் சொன்னேன்; சேவலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறந்ததற்குக் காரணமுண்டு. அப்பொழுது எங்கள் கொல்லையில் இருந்தவை மூன்று பெட்டைகளும் ஒரே ஒரு சேவலுமே. சிவந்த உடலும் கறுத்த வாலுமாக நிமிர்ந்து நடக்கும் அந்தச் சேவலுக்கு என் பெண் 'ஜமீன்தார்' என்று பெயரிட்டிருந்தாள். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் யாரும் நல்லவர்தாமே!

சென்ற மாசி மாதத்தில் புள்ளிக் கோழி அடைக்குப் படுத்தது. அடைக்கோழியின் பிடிவாதத்தைக் கண்டவர்களுக்குச் சத்தியாக்கிரகம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தூக்கி வெளியே விட்டால் உடம்பை உப்பிக்கொண்டு சீறிவிட்டு, மறுபடியும் அதே மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வீட்டுப் பாட்டி வந்து பார்த்தாள். கூரிய முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்பது அவளுடைய சித்தாந்தம். ஆகவே உருண்டையாகப் பார்த்துப் பதின்மூன்று முட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். இடி இடித்தால் கரு கலங்கிவிடாமலிருக்கக் கூடையில் ஓர் இரும்புத் துண்டும், அடுப்புக்கரியும், காய்ந்த மிளகாயும் போட்டாள். கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயின் கருவணுவே என்பதையும், ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பதையும் நான் எடுத்துரைத்தேன். "ஆகட்டும் வாத்தியாரே, பொரிக்கட்டும், பார்ப்போம்" என்றாள் பாட்டி.

அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்க வேண்டும். அழுக்கைக் கழுவலாகாது, ஓட்டின்மேல் இயற்கையாக உள்ள மெல்லிய பூச்சு போய்விடும். சேர்த்து வைக்கும்பொழுது, மணல் நிரப்பிய சட்டியில் கூர்முனை கீழாக நிறுத்தி நிழலில் வைப்பது நல்லது. அப்புறம் நமக்கு வேலை அதிகமில்லை. முட்டையைத் திருப்புவதும், உஷ்ணத்தைக் காப்பதும் கோழியின் பொறுப்பு. நாளைக்கு ஒரு முறை அது இறங்கி வரும்பொழுது தானியமும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தால் போதும். ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், கருப்பிடித்த முட்டையில் சிலந்தியின் கால்களைப் போலச் சிவந்த நரம்புகள் ஓடுவது தெரியும். ஒன்றுமே தெரியாதது கூமுட்டை. எங்களுக்கு ஒன்று அப்படி அமைந்தது. இன்னொன்றில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்துபோயிற்று. இருபத்தோராம் நாள் பதினொரு குஞ்சுகள் வெளிவந்தன.

பிறந்தவுடன் இரை போட வேண்டுமே என்று நாம் பதறுகிறோம். வெளிவருவதற்குச் சற்று முன்பு மஞ்சட்கருவின் மிச்சம் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறது. இரண்டு நாள்வரை அது தாங்கும். தாய் எல்லா முட்டைகளும் பொரியும்வரை எழுந்திராமல் உட்கார்ந்திருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. பிறகு நொய்யும், கூழாங்கல் போட்ட ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் வைத்தோம். பானைக்குள் சாணமும் ஓலையும் திணித்துக் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடித்துப் போட்டாள் பாட்டி. வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தை ஏழாம் நாள் கால்நடை ஆஸ்பத்திரியில் போட்டுவந்தேன். இதை மட்டும் யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். அந்நோய் வந்தால் ஒரே வாரத்தில் கொல்லை காலியாகிவிடும். பருந்துக்கு ஒன்று, கீரிக்கு ஒன்று போக ஒன்பது குஞ்சுகள் மிஞ்சின.

இரண்டு மாதத்தில் கொண்டை சிவக்கத் தொடங்கியது. நாலாம் மாதத்தில் ஒன்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூவிப் பார்த்தது. எண்ணிப் பார்த்தோம்: ஒன்பதில் சேவல் ஆறு! "உருண்டை முட்டை என்றாயே பாட்டி?" என்று கேட்டேன். "நான் பொறுக்கினது சரிதான், நீங்கள் அடுக்கினது சரியில்லை" என்று சொல்லிவிட்டாள். சரிபாதி பிறக்கும் என்பது ஆயிரக்கணக்கில் பார்க்கும்பொழுது உண்மை. ஒன்பது குஞ்சு என்பதோ ஒன்பது தடவை காசைச் சுண்டுவது போலத்தான்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கணக்கு. எங்கள் கொல்லையிலோ ஆறு பெட்டைக்கு ஏழு சேவல். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் புள்ளிக் கோழியின் முதுகில் இறகே இல்லை. இளஞ்சேவல்கள் மாற்றி மாற்றி மிதித்ததில் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. பெட்டைகள் பகலெல்லாம் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. முட்டை பாதியாகக் குறைந்தது. முட்டை இடுவதற்குச் சேவலே வேண்டியதில்லை என்பதை நினைத்தால், இந்தத் துன்பம் எத்தனை வீண் என்பது விளங்கும்.

பெட்டைகளுக்கு ஓய்வு கொடுக்க எண்ணி, ஆறு இளஞ்சேவல்களையும் பழைய மாட்டுத் தொழுவத்தில் தனியே அடைத்தேன். அங்கே அவை ஆச்சரியப்படத்தக்க அமைதியுடன் இருந்தன. பெட்டை கண்ணில் படாதவரையில் ஒன்றாகப் பிறந்து வளர்ந்த சேவல்கள் பெரும்பாலும் ஒற்றுமையாகவே வாழும். அத்துடன் விட்டிருக்கலாம். பத்து நாள் கழித்து ஒரு மாலை, மழை இருட்டிக்கொண்டு வந்தது. தொழுவத்துக் கூரையோ ஒழுகும். பரிதாபப்பட்டு, எல்லாவற்றையும் ஜமீன்தாருடன் ஒரே குடாப்பில் அடைத்துவிட்டேன்.

கோழிகளுக்குள் இன்னார் இன்னாரைக் கொத்தலாம் என்று ஒரு படிவரிசை உண்டு. நார்வே தேசத்து ஷெல்டரப்-எப்பே என்பவர் 1922-ல் இதை விரிவாக எழுதினார். பத்து நாள் பிரிந்திருந்தால் அந்த வரிசை கலைந்துபோகும். சொந்த மகனும் அந்நியனாகிவிடுவான். இதை நான் படித்திருந்தேன். படித்தது மழையில் நினைவுக்கு வரவில்லை. குறுந்தொகைப் புலவர்களுள் குப்பைக் கோழியார் என்றொருவர் உண்டு. குப்பைமேட்டில் விலக்குவாரின்றிப் பொருதும் கோழிகளை உவமை சொன்னதால் வந்த பெயர் அது. வகுப்பில் எத்தனையோ முறை அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் விடியற்காலையில் குடாப்பைத் திறந்தபொழுதுதான் விலக்குவார் இல்லை என்பதன் பொருள் எனக்குப் புலப்பட்டது. ஜமீன்தார் மூலையில் தலையைச் செருகிக்கொண்டு கிடந்தது. கொண்டை கிழிந்திருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. இரத்தத்தைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும்; அப்படியே கொத்தியிருந்தன. என் பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் வைத்துக் கட்டினாள். என்னுடன் அன்று பேசவில்லை.

அன்று மாலையே ஊரில் சேவற்சண்டைப் பிரியர் ஒருவர், யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ, வந்து சேர்ந்தார். ஜமீன்தாரை வென்ற கறுப்புச் சேவலைக் கையில் எடுத்து எடை பார்த்து, சந்தை விலையைப் போல மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அது சிறிய தொகையன்று. மிருகங்களைச் சண்டைக்கு மூட்டிவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று நான் அவருக்கு ஒரு பிரசங்கம் செய்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மூன்று சேவல்களைக் கூடையில் கட்டி எடுத்துப் புறப்பட்டேன். பெண் வாசலில் நின்றாள்.

"சண்டைக்குக் கொடுக்கக் கூடாது என்றீர்களே அப்பா, குழம்புக்குக் கொடுக்கலாமா?"

"எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் பெட்டைகள் சாகும், அம்மா" என்றேன். உண்மைதான், அவள் கேட்டதற்கு அது பதிலில்லை என்பதும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அடை வைத்த அன்றே, பிறக்கப்போகும் சேவல்களை என்ன செய்வது என்று அவளையும் வைத்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும்.

இன்னொரு சேவலைப் பாட்டி வாங்கிக்கொண்டு இரண்டு பெட்டைக் குஞ்சுகள் தந்தாள். தகப்பனும் மகளும் ஒரே கொல்லையில் இனவிருத்தி செய்தால் வரவரக் குஞ்சு நலியும். ஆகையால் இத்தகைய மாற்று இரு வீட்டுக்கும் லாபம். ஒன்று என் சகலையின் தோட்டத்துக்குப் போயிற்று. புதிய சேவலின் குஞ்சு வேண்டுவோர் பழையதைப் பிரித்தபின் மூன்று வாரமாவது பொறுத்து முட்டை சேர்க்க வேண்டும். பழைய சேவலின் வித்து இரண்டு வாரத்துக்கு மேலும் பெட்டையிடம் தங்கியிருக்கக் கூடும்.

இப்பொழுது எட்டுப் பெட்டையும் இரண்டு சேவலும் இருக்கின்றன. பகலில் கறுப்புச் சேவல் வெளியே மேய்ந்தால் ஜமீன்தார் பஞ்சாரத்துக்குள் இருக்கும். மறுநாள் முறை மாறும். ஒரு கண் தெரியவில்லையாதலால் ஜமீன்தாருக்கு இரையை வலப் பக்கத்தில் போட வேண்டும். அது என் பெண்ணின் வேலை. விடியற்காலையில் முதலில் கூவும் உரிமை கூட்டத்தில் உயர்ந்த சேவலுக்கே என்றும், மற்றவை அதற்குப் பின்னர் வரிசைப்படி கூவும் என்றும் ஜப்பானிய விஞ்ஞானிகள் சிலர் 2015-ல் வெளியிட்டனர். தினந்தோறும் விழித்துக்கொண்டு கேட்கிறேன். முதலில் கூவுவது கறுப்புத்தான். சற்றுப் பொறுத்து, பஞ்சாரத்துக்குள்ளிருந்து ஜமீன்தார் கூவுகிறது.