வகுக்காமலே வகுக்கும் மொழிபெயர்ப்பாளர்

கலைப்பீடத்துக்காரருக்குக் கம்பைலரில் என்ன வேலை எண்டு கேட்பீர்கள். கம்பைலர் ஒரு மொழிபெயர்ப்பாளர். நாங்கள் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. தமிழில் அதைத் 'தொகுப்பி', 'தொகுப்பான்' எண்டு சொல்லிச் சொல்லியே அந்த வேலையை மறைத்துவிட்டோம் எண்டது எங்கட மனக்குறை.

ஒருவர் சி மொழியில் 'இந்த எண்ணைப் பத்தால் வகு' எண்டு எழுதுகிறார். கம்பைலர் தந்த இயந்திர மொழியைத் திறந்து பார்த்தால் அநேகமாக அதில் வகுத்தலே இருக்காது. எண்ணை 3435973837 ஆல் பெருக்கு, வந்த விடையின் பிட்களை வலப்பக்கம் 35 இடம் நகர்த்து எண்டு இருக்கும். புரொசசருக்குப் பெருக்கல் சுகமான வேலை. வகுத்தல் அதைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

மந்திரம் ஒண்டும் இல்லை. 235 ஐ ஐந்தால் வகுக்க, இரட்டித்து 470 ஆக்கிக் கடைசி இலக்கத்தை வெட்டினால் 47 வருமே, அதே கணக்குத்தான். 35 பிட் நகர்த்துவது 34359738368 ஆல் வகுப்பதற்குச் சமம். அந்த விசித்திர எண்ணைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள்: 34359738370. இரண்டே இரண்டு கூட. 32 பிட்டுக்குள் அடங்கும் நேர் எண் எவ்வளவு பெரிசாக இருந்தாலும், இந்த இரண்டால் வரும் பிழை நாற்பதில் ஒரு பங்கைத் தொடாது. பத்தால் வகுக்கும்போது பின்னம் 0.9 ஐத் தாண்டாது. 0.9 உடன் 0.025 ஐக் கூட்டினாலும் ஒண்டு ஆகாது. ஆகவே முழு எண் விடை ஒருபோதும் பிழைக்காது. மீதி வேணுமெண்டால் விடையைப் பத்தால் பெருக்கி முதல் எண்ணில் இருந்து கழித்தால் சரி.

டோர்பியோன் கிரன்லுண்ட், பீற்றர் மொண்ட்கொமரி இருவரும் 1994 இல் இதை ஒரு கட்டுரையாக எழுதி, ஜிசிசி கம்பைலரிலும் செய்து காட்டினார்கள். ஏழுதான் கொஞ்சம் அடம்பிடிக்கும். அதற்குத் தேவையான பெருக்கெண் 33 பிட் நீளம் எண்டபடியால், கம்பைலர் இடையில் ஒரு கழித்தலும் கூட்டலும் போட்டுச் சமாளிக்கும். கிழமை நாள் கணக்கிடும் நிரல்களுக்கு இது தினப்படி வேலை.

சொல்லைக் கைவிட்டுப் பொருளைக் காப்பாற்றும் இந்த மொழிபெயர்ப்பாளரை நம்பலாம் எண்டதுதான் எங்கட கட்சி. ஆனா நிரல் எழுதும் நண்பர்கள் சிலர் நம்புவதில்லை. வேகம் வேணும் எண்டு, இரண்டால் வகுக்க வேண்டிய இடத்தில் தாங்களே பிட் நகர்த்தி எழுதுகிறார்கள். வாசிக்கிறவருக்கு அது விளங்காது. அதைவிட, -7 ஐ இரண்டால் வகுத்தால் சி மொழியில் விடை -3. வெறுமனே நகர்த்தினால் -4 வரும். கம்பைலரும் நகர்த்தத்தான் செய்கிறது, ஆனா மறை எண்ணுக்கான திருத்தத்தை மறக்காமல் சேர்த்துவிடுகிறது. கெட்டித்தனம் காட்டும் மனிசர் மறப்பது அதைத்தான்.

அப்ப உள்ளே நடப்பதை நாங்கள் அறியவே தேவையில்லையா? அதையும் ஏற்க ஏலாது. வகுக்கும் எண் பத்து எண்டு முதலே தெரிந்தால்தான் கம்பைலர் அந்தப் பெருக்கெண்ணைக் கண்டுபிடித்து வைக்கும். நிரல் ஓடும்போதுதான் அந்தப் பத்து ஒரு மாறியாக வந்து சேருமெண்டால், பாவம், அதுக்கும் வகுப்பதைத் தவிர வேறு வழி பெரிதாக இல்லை.