பதில் வராத செபமும் பழுதில்லாத விசுவாசமும்

நவம்பர் மாதம், இறந்த விசுவாசிகளுக்காகத் திருச்சபை சிறப்பாக மன்றாடும் மாதமாகும். மாதத்தின் இரண்டாம் நாளிலே நம் மக்கள் சேமக்காலைகளுக்குச் சென்று, கல்லறைகளைத் துப்புரவு செய்து, மலர் சூட்டி, மெழுகுதிரி ஏற்றி வைக்கின்றனர். பங்கு ஆலயங்களிலே இறந்தோரின் பெயர்கள் தாளில் எழுதப்பட்டு, திருப்பலியின்போது பீடத்தின் அருகே வைக்கப்படுகின்றன. தாத்தாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்பது பல குடும்பங்களிலே நல்லதொரு வழக்கமாய் உள்ளது.

ஆயினும், அந்தத் தாள் தம் கைக்கு வந்ததும் ஒன்றும் எழுதாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடும் தாய்மார் நம் பங்குகளிலே இருக்கின்றனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே கண்முன்னே கூட்டிச் செல்லப்பட்ட மகன், 1990களிலே வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட கணவன், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டு சென்று உடலும் கிடைக்காத பிள்ளை என ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயரை இறந்தோர் பட்டியலில் எழுதினால், தன் கையாலேயே அவனை அடக்கம் செய்ததாகிவிடுமோ என்று தாயின் உள்ளம் அஞ்சுகின்றது. எழுதாமல் விட்டாலோ, எல்லாரும் தம்மவருக்காக மன்றாடும் வேளையிலே தன் பிள்ளைக்கு மட்டும் செபமில்லாமற் போகின்றதே என்று அதே உள்ளம் வருந்துகின்றது.

இத்துயரத்தோடு இன்னொன்றையும் நாம் அவர்கள்மீது சுமத்துகின்றோம். “விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்காதது ஒன்றுமில்லை” என்று முதலில் ஆறுதல் சொல்கின்றோம். ஆண்டுகள் கடந்தும் கிடைக்காதபோது, “உங்கள் விசுவாசத்திலே ஏதோ குறை இருக்கின்றது” என்று சிலர் வெளிப்படையாகவும், பலர் சாடையாகவும் கூறுகின்றனர். இன்னும் ஒரு நவநாள், இன்னும் ஒரு நேர்த்தி, இன்னும் ஓர் உபவாசம் என்று தொகை கூட்டிக் கொடுக்கின்றனர். அன்பு வாசகர்களே, இப்படிச் சொல்வது நற்செய்தியன்று என்பதையே இந்தக் கட்டுரையிலே வலியுறுத்த விரும்புகின்றேன்.

கேட்கின்றவருக்குக் கொடுக்கப்படும் என்று ஆண்டவர் வாக்களித்திருக்கின்றார் (மத்தேயு 7:7). அவ்வாக்கு உண்மையானது. ஆனால், கேட்கத் தயங்கி நிற்பவனைத் தந்தையிடம் அழைத்துச் செல்வதற்காகவே அவ்வாக்கு அருளப்பட்டது. கேட்டுக் களைத்தவனை அடிப்பதற்குரிய கோலாக அது நம் கையிலே தரப்படவில்லை. தங்கள் விசுவாசத்தைக் கூட்டித் தரும்படி திருத்தூதர்கள் கேட்டபோது, கடுகளவு போதும் என்னும் பொருள்பட இயேசு பதிலளித்தார் (லூக்கா 17:6). பிணியுற்ற மகனின் தந்தையொருவன், தன் விசுவாசம் குறையுள்ளது என்பதை ஆண்டவரிடமே சொல்லிக் கதறினான். அவனுடைய மகனும் குணமானான் (மாற்கு 9:24-27). ஆகவே விசுவாசத்தின் அளவுக்கேற்ப வரங்கள் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன என்ற எண்ணம் சந்தைக் கணக்குக்குப் பொருந்துமேயன்றி, வானகத் தந்தையின் உள்ளத்துக்குப் பொருந்தாது.

யோபுவின் நண்பர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். ஏழு நாள் அவனருகே வாய் திறவாது தரையில் அமர்ந்திருந்தவரையில் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து அவனுடைய துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். நூலின் முடிவிலே கடவுளின் சினம், முறையிட்ட யோபுவின்மீது விழாமல், கடவுளுக்காக வாதாடுவதாய் எண்ணிய அந்த நண்பர்கள்மீதே விழுந்தது. யோபு அவர்களுக்காகப் பரிந்து மன்றாட வேண்டியதாயிற்று (யோபு 42:7-9).

ஆண்டவர் இயேசுவின் காலத்திலும் இப்பேச்சு இருந்தது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவந்தனர். வழிபாட்டு வேளையிலேயே கொல்லப்பட்டவர்கள் அவர்கள். மற்றவரைவிட அவர்கள் பெரும் பாவிகளோ என்னும் கேள்விக்கு இயேசு இல்லையென்றே விடை பகர்ந்தார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து மடிந்த 18 பேரைப் பற்றியும் அவ்வாறே கூறி, கேட்டு நின்றவர்களையே மனமாற்றத்துக்கு அழைத்தார் (லூக்கா 13:1-5).

இந்த நற்செய்திப் பகுதியை நம் நாட்டிலே வாசிப்பவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. 1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி, நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி, மருதமடு அன்னையின் பதியிலே அடைக்கலம் தேடியிருந்தவர்கள் எறிகணை வீச்சிலே உயிரிழந்தனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்புப் பெருவிழா அன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் வழிபட வந்த மக்கள் கொல்லப்பட்டனர். இவர்களுக்கு விசுவாசம் குறைவாக இருந்தது என்று எந்த நாவு சொல்லத் துணியும்? இவர்களைக் குறித்துச் சொல்லக் கூசும் ஒன்றை, பக்கத்து வீட்டுத் தாயிடம் மட்டும் ஏன் சொல்கின்றோம்?

அப்படியானால் செபிப்பதால் பயன் என்ன என்று இளைஞர்கள் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குரிய விடையை நாம் கெத்சமனித் தோட்டத்திலே தேட வேண்டும். துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்று இறைமகனே மன்றாடினார். கிண்ணம் அகலவில்லை. ஆனால் எபிரேயர் திருமுகத்தின் ஆசிரியர் வியப்புக்குரிய ஒன்றைக் கூறுகின்றார்: சாவிலிருந்து மீட்க வல்லவரை நோக்கிக் கண்ணீரோடு மன்றாடிய கிறிஸ்துவுக்குச் செவிசாய்க்கப்பட்டது என்கின்றார் (எபிரேயர் 5:7). சிலுவையிலே இறந்தவருக்கு எவ்வாறு செவிசாய்க்கப்பட்டது? சாவுக்கு முன்னே அவரைத் தப்புவிக்காத தந்தை, சாவுக்குள் சென்ற அவரை அதனுள்ளிருந்தே எழுப்பினார். மீட்பு என்று நாம் அறிக்கையிடுவதும் இதையே. மகன் கேட்ட வகையிலே பதில் வராதபோதும், தந்தை அவரைக் கைவிடவில்லை.

புனித பவுலும் தம் உடலிலே தைத்த முள் நீங்க வேண்டுமென்று மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் அருள் கிடைத்தது (2 கொரிந்தியர் 12:7-9). புனித அகுஸ்தீனார், புரோபா என்னும் கைம்பெண்ணுக்குச் செபத்தைக் குறித்து எழுதிய நீண்ட மடலிலே இதே சிக்கலை எடுத்து விளக்குகின்றார். நமக்குத் தேவையானதைக் கடவுள் நாம் கேட்குமுன்பே அறிந்திருக்கின்றார். எனினும் அவர் தரவிருப்பது பெரியது, அதைப் பெறுவதற்கு நம் உள்ளமோ சிறியது. ஆகவே செபத்தினால் நம் ஏக்கத்தை விரிவாக்கி, அக்கொடையைப் பெற்றுக்கொள்ள நம்மைத் தகுதியாக்குகின்றார் என்பது அவருடைய போதனையின் சாரம். பல ஆண்டுகள் தமக்காகக் கண்ணீர் சிந்திய மோனிக்கம்மாளின் மகன் அதை எழுதினார் என்பதால் அதற்குத் தனி வலிமை உண்டு.

செபிப்பவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறு. திருப்பாடல்களிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளும் புலம்பல்களுமே. அவற்றுட் பல இறுதியிலே புகழ்ச்சியாக முடிகின்றன. 88ஆம் திருப்பாடலோ இருளிலே தொடங்கி இருளிலேயே முடிகின்றது. அதைத் திருச்சபை ஒளித்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்திலே குருக்களும் துறவியரும் செபிக்கும்படி வைத்திருக்கின்றது. அழுகையோடு முடியும் செபமும் செபமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1705ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்து, 1742இலே போலவத்தையில் இறைவனடி சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் நமக்கு விட்டுச் சென்ற வியாகுலப் பிரசங்கங்களும் இதற்குச் சான்றாகும். தவக்காலத்திலே அவற்றைக் கேட்டு நம் முன்னோர் ஆலயத்திலே வாய்விட்டு அழுதனர். நம் மண்ணிலே கிறிஸ்தவம் மக்களின் கண்ணீரைத் துடைக்கும் முன்னே, அவர்களோடு சேர்ந்து அழக் கற்றுக்கொண்டது.

2017ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தெருவோரத்திலே அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினர். அன்று அமர்ந்த தாய் தந்தையரிற் பலர் விடை காணாமலே கண்மூடிவிட்டனர். “தெருவிலே இருந்து என்ன பயன்? வீட்டிலே இருந்து செபமாலை சொல்லலாமே” என்று அவர்களைக் குறித்துச் சொல்லும் கத்தோலிக்கரும் உளர். இவர்கள் லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசித்தல் நலம். மனந்தளராமல் செபிக்க வேண்டும் என்பதைக் கற்பிக்க வந்த ஆண்டவர், கோயிலின் மூலையிலே கண்மூடி நிற்கும் ஒருத்தியை எடுத்துக்காட்டவில்லை. நீதிபதியின் வாசலை விடாது தட்டி, எனக்கு நீதி வேண்டும் என்று கேட்ட ஒரு கைம்பெண்ணையே காட்டினார். உண்மையையும் நீதியையும் கேட்டு நிற்பது விசுவாசக் குறைவாகாது. அந்தத் தாய்மாரின் கையிலே ஒருபுறம் மகனின் படமும் மறுபுறம் செபமாலையும் இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவை இரண்டும் ஒரே செபமே.

இனி, அந்தப் பெயர்ப் பட்டியலுக்கு வருவோம். காணாமற்போனவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா, கொடுத்தால் இறந்தவராகவா உயிரோடிருப்பவராகவா என்ற ஐயம் பலருக்கு உண்டு. உயிரோடிருப்போர், இறந்தோர் எவருக்காகவும் குரு திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 901 தெளிவாகக் கூறுகின்றது. ஆகவே ஒரு தாய் தன் மகனின் பெயரை மட்டும் சொல்லித் திருப்பலி கேட்டால் போதும். அவன் எந்த நிலையில் இருக்கின்றான் என்று அவள் முடிவு செய்யத் தேவையில்லை. அவளை முடிவு செய்யும்படி வற்புறுத்த எவருக்கும் உரிமையுமில்லை. நம் செபம் போய்ச் சேருவதற்கு நாம் முகவரி எழுத வேண்டியதில்லை. ஆண்டவருடைய திருமுன்னே எல்லாரும் உயிருள்ளவர்களே (லூக்கா 20:38).

நாட்டின் சட்டமும் இவ்வழியில் ஓரடி வைத்துள்ளது. காணாமற்போனவரின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழ் பெறாமல், அவர் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளித்தது. அரசுப் பதிவேட்டிலே இடம் உண்டென்றால், ஆலயத்திலே இடமில்லாமற் போகலாமா? நவம்பர் மாதத்திலே இறந்தோர் பட்டியலுக்கு அருகே இன்னொரு தாளையும் பங்குகள் வைக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. “இறைவன் அறிந்தோர்” என்று அதற்குத் தலைப்பிடலாம். அதிலே பெயர் மட்டும் போதும், திகதி வேண்டாம். விசுவாசிகள் மன்றாட்டிலே அவர்களுக்கென ஒரு மன்றாட்டும் சேர்க்கப்படட்டும். இதற்குச் செலவில்லை, ஆனால் ஆண்டுதோறும் வெறுந்தாளை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் தலைகுனியும் ஒரு தாய்க்கு, எழுத ஓர் இடம் கிடைக்கும்.

குடும்பங்களிலும் நாம் செய்யக்கூடியது உண்டு. மாலைச் செபத்தின்போது பக்கத்து வீட்டுத் தாயின் மகனையும் பெயர் சொல்லி நினைவுகூரலாம். அவளைச் சந்திக்கும்போது காரணம் கற்பிக்காமல், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இருந்ததுபோல் அருகே இருக்கலாம். அவளால் செபிக்க இயலாத நாட்களிலே அவளுக்காக நாம் செபிக்கலாம். முடக்குவாதமுற்றவனை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்து கூரை வழியே இறக்கியபோது, ஆண்டவர் சுமந்தவர்களின் விசுவாசத்தையே கண்டார் (மாற்கு 2:5). ஒருவர் விசுவாசம் தளரும்போது மற்றவர் தாங்குவதற்காகவே திருச்சபை என்றொரு குடும்பம் நமக்குத் தரப்பட்டிருக்கின்றது.

புனித வாரத்திலே பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் இடையே ஒரு சனிக்கிழமை உண்டு. அன்று பகலில் திருப்பலியில்லை. பீடம் வெறுமையாய் இருக்கும். நற்கருணைப் பேழை திறந்து கிடக்கும். ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாச அறிக்கையிலே நாம் சொல்வது அந்நாளைக் குறித்தே. மனிதக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கும், எவரும் தேடிச் செல்ல முடியாதவரிடத்துக்கும் அவர் சென்றார். சீடர் கலங்கிய அந்நாளிலே விசுவாசம் குன்றாதிருந்தவர் அன்னை மரியாள் என்று கருதியே, சனிக்கிழமையை அவருக்கு உரியதாக்கினர் நம் முன்னோர். நம் தாய்மாரிற் பலர் இன்னும் அந்தச் சனிக்கிழமையிலேயே நிற்கின்றனர். ஞாயிறு விடிந்துவிட்டது என்று அவர்களை அவசரப்படுத்தவும் வேண்டாம். விடியவே விடியாது என்று சோர்வடையச் செய்யவும் வேண்டாம். அவர்களோடு நாமும் நிற்போம். 2008ஆம் ஆண்டு ஏப்ரலிலே தன் மக்களைப் போலவே இடம்பெயர்ந்து தேவன்பிட்டி சென்று, மீண்டும் தன் பதிக்குத் திரும்பிய மருதமடு அன்னை, காத்திருக்கும் தாய்மார் அனைவரையும் தம் மகனிடத்திலே ஒப்புக்கொடுப்பாராக.