வீடு விற்கப் போறீங்களா..? பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் வாசலில் நின்று பாருங்க!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தனி வீடு பார்க்க வருபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? புரோக்கர் கேட்டைத் திறப்பதற்குள் அவர்களுடைய கண்கள் பாதி வேலையை முடித்துவிடும். துருப்பிடித்த கேட், பாசி படிந்த காம்பவுண்டு சுவர், மூலையில் உடைந்த வாஷ்பேசின், மகன் பள்ளிக்கூடம் போன காலத்து சைக்கிள். 'வெளியவே இப்படின்னா உள்ள எப்படி இருக்குமோ' என்று ஒருமுறை தோன்றிவிட்டால், பேச்சு நேராக விலைக் குறைப்பில்தான் வந்து நிற்கும்.

இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் பல, அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி டாங்கி தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்கள் பி.எஃப் பணம், லோன் என்று புரட்டிக் கட்டியவை. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் காலியிடம் விட்டு, அதில் ஒரு தென்னையோ முருங்கையோ இருக்கும். அபார்ட்மென்ட்டில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காதது அந்த இடம்தான். அதைத் தட்டுமுட்டுச் சாமான்களால் மூடி வைத்துக்கொண்டு, உள்ளே மாடுலர் கிச்சனுக்குச் செலவு செய்கிறோம்!

செலவுக்கு முன் ஒரு கேள்வி. வாங்கப்போவது யார்? வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகும் பில்டர் என்றால், அவருக்கு வேண்டியது எத்தனை கிரவுண்டு, சாலை எவ்வளவு அகலம் என்பது மட்டும்தான். பெயின்ட்டுக்குப் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். புதரை வெட்டி, எல்லைக் கற்கள் தெரியும்படி செய்தால் போதும். குடியிருக்க வாங்குபவரை எதிர்பார்க்கிறீர்கள் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை, வரவுதான். பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டால் காசு கொடுத்தே அள்ளிக்கொண்டு போவார். டயர், கொட்டாங்குச்சி, காலி டப்பா எல்லாவற்றையும் அன்றைக்கே கிளப்பிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது அவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான்.

அடுத்து கேட். கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட். வீட்டு ஆட்களே செய்தால் கூலி மிச்சம். கீலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். சுவரைப் பொறுத்தவரை வீடு முழுக்க அடிக்க வேண்டியதில்லை. தெருவில் நின்றால் தெரியும் பகுதிக்கு மட்டும் பாசியைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்போ சிமென்ட் பெயின்ட்டோ அடித்தால் போதும். சுண்ணாம்பு கலக்கும்போது கண் பத்திரம்.

இனி, இந்த ஏரியாவில் வீடு வாங்க வரும் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். 'மழைக்குத் தண்ணி நிக்குமா?' 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட் மிதந்ததையும் பார்த்தவர்கள் கேட்காமல் இருப்பார்களா? இங்கேதான் பலர் காசைத் தப்பான இடத்தில் கொட்டுகிறார்கள். பளிச்சென்று இருக்கட்டும் என்று முன்பக்கம் முழுக்க சிமென்ட் தளம் போட்டுவிடுகிறார்கள். மழைத்தண்ணீர் இறங்க வழியில்லாமல் வாசலிலேயே நிற்கும். அந்தப் பணத்தில் ஒரு பங்கை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குக் கொடுங்கள். தமிழகத்தில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம். ஆனால் பல வீடுகளில் தொட்டி மண் அடைத்துக் கிடக்கிறது. வண்டலை அள்ளி, ஜல்லியையும் மணலையும் கழுவிப் போட்டு, மொட்டை மாடிக் குழாய் ஒழுங்காக அதில் வந்து சேர்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வருபவருக்கு மூடியைத் திறந்தே காட்டலாம். எந்தப் பூந்தொட்டியும் தராத நம்பிக்கையை அது தரும்.

வெள்ளக்கோட்டின் மேல் பெயின்ட் அடித்து மறைக்கும் யோசனை இருந்தால், விட்டுவிடுங்கள். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. அதைவிட, எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டால் முழங்கால் அளவா, இடுப்பளவா என்று சொல்லிவிடப்போகிறார்! 'இவ்வளவு வந்தது, அப்புறம் தளத்தை இவ்வளவு உயர்த்தினோம்' என்று நீங்களே சொல்லிவிட்டால் பேரம் நேராக நடக்கும்.

எப்போது செய்வது? ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்குவதைப் பலரும் தள்ளிப்போடுவார்கள். தை பிறந்ததும் போன் வரத் தொடங்கும். ஆகவே மழை ஓய்ந்த மார்கழிதான் சரியான நேரம். போகி நெருங்கினால் பெயின்டர் கிடைக்கமாட்டார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

செடிகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ என வெயில் தாங்குபவை நான்கைந்து போதும். வேப்பமரம் இருந்தால் வெட்டாதீர்கள். மின்கம்பியில் உரசும் கிளையை மட்டும், மின்வாரியத்தில் சொல்லிக் கழியுங்கள்.

தொட்டிச் செடிகளை எடுத்துப்போவதாக இருந்தால் அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். தரையில் வேர்விட்டது வீட்டோடு போய்விடும். அம்மா வைத்த மல்லிக்கொடி அப்படி நிற்கிறதா? ஒரு கிளையை வளைத்து, மண் நிரப்பிய தொட்டியில் இப்போதே பதியம் போட்டுவிடுங்கள். வேர் பிடிக்கச் சில வாரங்களாவது ஆகும். புரோக்கருக்கு போன் செய்வது அதற்கப்புறம் இருக்கட்டும்.