கொயருக்குள் பறை வந்தது எப்படி? மதுரை அரசரடி ‘பரட்டை’ அண்ணன் கதை

2025 பத்மஸ்ரீ பட்டியலில் மதுரை அலங்காநல்லூர் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானின் பெயர் இருந்தது. இன்னிக்கு கல்யாணம், காலேஜ் விழா, ரீல்ஸ்னு எங்கேயும் பறை கேட்குது. ஆனால் இதே மதுரையில், சர்ச் வழிபாட்டுக்குள் பறையைக் கொண்டுவர ஒருத்தர் வாதாட வேண்டியிருந்தது.

அவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர். மாணவர்களுக்கு ‘பரட்டை’ அண்ணன்.

பறையில் அப்படி என்ன பிரச்னை?

தமிழ் சர்ச் கொயர்களுக்கு ரெண்டு வழி இருந்தது. ஒன்று, மிஷனரிகள் கொண்டுவந்த மேற்கத்திய பாமாலை. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நாலு குரலில் பிரித்துப் பாடுவது. இன்னொன்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துக் கர்நாடக பாணி கீர்த்தனை. ரெண்டும் அழகுதான். ஆனால் ஒன்றுக்கு நொட்டேஷன் தெரியணும், இன்னொன்றுக்கு ராகப் பயிற்சி வேணும். கிராமத்துச் சபைகளில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள். அவர்களுக்குத் தெரிந்த நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் சர்ச் வாசலோடு நின்றுவிட்டன. பறை என்றால் ‘சாவு மேளம்’, தீட்டு. சாதி இழிவு ஒட்டியிருந்ததால் தலித் கிறிஸ்தவர்களிலேயே பலர் அதை விட்டு விலகினார்கள். வாதத்தின் கஷ்டமான பகுதி இதுதான்னு தோணுது.

அப்பாவு முழு வழிபாட்டையும் நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். காரணம் ரொம்ப நடைமுறையானது. இந்தப் பாட்டுக்குப் புத்தகம் வேண்டாம். ரெண்டு தடவை கேட்டால் யாரும் பாடலாம், வரியை மாற்றியும் பாடலாம். மாற்றிப் பாடினால்தான் பாட்டு மக்களுடையது என்பது அவர் கட்சி. எல்லோரும் ஒரே பானையில் பொங்கிச் சாப்பிடும் ‘ஒரு உலை’ என்ற அவரது இறையியலும் இதே ரகம். சேர்ந்து சாப்பிடாதவர்கள் சேர்ந்து பாடி என்ன பிரயோஜனம்?

இதே கதைக்கு அமெரிக்காவில் தலைகீழாக ஒரு ஜோடி உண்டு. வாத்தியம் இல்லாமல் நாலு குரலில் பாடும் ‘பார்பர்ஷாப் ஹார்மனி’யின் வேர் கறுப்பின மக்களின் சலூன்களிலும் தெருமுனைகளிலும் இருப்பதாக 1992-ல் ஆய்வாளர் லின் அபட் எழுதினார். ஆனால் அந்தக் கலையைக் காப்பாற்றுவதற்காக 1938-ல் டல்சாவில் தொடங்கிய சங்கம், 1963 வரை கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அங்கே பாட்டை எடுத்துக்கொண்டு பாடினவங்களை வெளியே நிறுத்தினார்கள். இங்கே ஆளை உள்ளே விட்டுப் பாட்டை வெளியே நிறுத்தினார்கள்.

அப்பாவுவின் இசையைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் எழுதிய புத்தகம் 2014-ல் வந்தது. அதைவிட முக்கியமான வழி ஒன்று உண்டு: அரசரடியில் படித்துவிட்டு கிராமச் சபைகளுக்குப் போன போதகர்கள். பாட்டு அவங்க கூடவே பஸ் ஏறிப் போச்சு.